பாடம் ஒன்று; பொறி பல

கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்க்குத் தரப்படும் முதல் செய்முறைத் தாளில் ஏறத்தாழப் பத்து வரிகள் இருக்கும். கறுப்புத் திரையைத் திற. இந்த அடைவுக்குள் போ. இந்தக் கோப்பைப் படித்துக் காட்டு. இந்த நிரலை ஓட்டு. ஆய்வகத்தில் அமர்ந்து செய்தால் கால் மணி நேர வேலை. அதே தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று வேறொரு கணினியில் செய்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நம்மில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்களும் சக மாணவர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

2024ஆம் ஆண்டு, கல்லூரி திறந்த சில வாரங்களில் நடந்தது இது. ஏரலிலிருந்து பஸ்ஸில் வரும் முதலாண்டுத் தங்கை ஒருத்தி, மதிய உணவு வேளையில் என் அருகே வந்து அமர்ந்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. "அக்கா, எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாதுக்கா. நான் பேசாம வரலாறு எடுத்திருக்கலாம்" என்றாள். என்னவென்று கேட்டேன். பையிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்து வைத்தாள்.

அது அவள் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசு தந்தது. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஏரலுக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியாது. அவர்கள் வீட்டில் தரையிலும் மேசையிலும் இருந்த பொருளெல்லாம் போயிற்று. பரணில் பழைய சாமான்களோடு கிடந்ததால் இந்த மடிக்கணினி மட்டும் தப்பியது. அதில் விண்டோஸ் பக்கம் எப்போதோ கெட்டுவிட்டது. லினக்ஸ் பக்கம் மட்டும் வேலை செய்தது. ஆய்வகத் தாளோ விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

முதல் வரி, சி டிரைவில் உள்ள ஓர் அடைவுக்குள் போகச் சொன்னது. லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று கிடையாது. அவள் தட்டச்சிட்ட பின்சாய்கோட்டை (\) விழுங்கிவிட்டு, 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்றது பொறி. பிழைச் செய்தியில் தான் தட்டிய கோடு காணாமற்போனதைப் பார்த்து, தட்டச்சில்தான் தவறு என்று எண்ணி அவள் ஆறு முறை தட்டியிருக்கிறாள். பிறகு கோப்பை வேறிடத்தில் வைத்து, அதைப் படித்துக் காட்டுவதற்கான 'டைப்' கட்டளையைக் கொடுத்தாள். 'காணவில்லை' என்றது. கோப்பு கண்ணெதிரே திரையில் இருக்கிறது. பொறி இல்லை என்கிறது! கடைசியாக, பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் சிறு பைத்தான் நிரல். அது ஓடியது. பெயர் என்ன என்று கேட்டது. தன் பெயரைத் தட்டினாள். அந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

"என் பேரே இல்லேங்குதுக்கா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

நண்பர்களே, அந்தப் பெண் செய்த பிழை ஒன்றுமில்லை. தாளில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். பிழை தாளில் இருந்தது. ஆனால் தண்டனை அவளுக்கு விழுந்தது. அதுவும், 'எனக்கு இது வராது' என்று தானே தனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்பாக விழுந்தது.

ஒரே சொல், வேறு பொருள்

இப்படி ஏன் நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நம் பக்கத்தில் 'சாரம்' என்றால் இடுப்பில் கட்டும் கைலி. சென்னைக்குப் போய்ச் சாரம் வேண்டும் என்று கேட்டால், கட்டடத்துக்குக் கட்டும் மூங்கிலைக் காட்டுவார்கள். சொல் தவறில்லை; ஊர் வேறு. இயக்க அமைப்புகளின் கதையும் இதுவே.

'டைப்' என்னும் கட்டளை விண்டோஸில் கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும். லினக்ஸில் அதே சொல்லுக்கு, 'இந்தப் பெயர் என்ன வகைக் கட்டளை, சொல்' என்று பொருள். கட்டளை அல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்ததால் காணவில்லை என்றது. 'சிடி' என்று மட்டும் அடித்தால் விண்டோஸ் நீ நிற்கும் இடத்தைச் சொல்லும். லினக்ஸ் உன்னைப் பேசாமல் வீட்டு அடைவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். 'டேட்' என்று அடித்தால் லினக்ஸ் நாளையும் மணியையும் காட்டி நிறுத்தும். விண்டோஸ் நாளைக் காட்டிவிட்டு, புதிய நாளைக் கொடு என்று காத்து நிற்கும். சொல்லே இல்லை என்றால் மாணவன் விழித்துக்கொள்வான். சொல் இருந்து பொருள் வேறாக இருப்பதுதான் அவனை வழி தவறச் செய்கிறது.

பெயரைத் தின்ற நிரலின் கதை இன்னொரு வகை. பைத்தான் மொழியில் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என இரண்டு உண்டு. பெயரைக் கேட்டு வாங்கும் அதே கட்டளை, மூன்றாம் பதிப்பில் நாம் தட்டியதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பதிப்பில் அதையும் ஒரு நிரல் வரியாக எண்ணிக் கணக்கிடப் பார்க்கும். இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு பராமரிப்பு முடிந்துவிட்டது. எனினும் பழைய லினக்ஸ் பொறிகளில் வெறும் 'பைத்தான்' என்று அழைத்தால் இரண்டாம் பதிப்பே எழுந்து வரும். புதிய லினக்ஸ் பொறிகள் பலவற்றில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. 'பைத்தான்3' என்று அழைத்தால்தான் வரும். புதிய விண்டோஸிலோ, பைத்தானை நிறுவாமல் அழைத்தால் மைக்ரோசாஃப்ட் கடைப் பக்கம் திறந்துகொள்ளும். ஒரு தாளின் ஒரே வரிக்கு மூன்று பொறிகளில் மூன்று விடை!

இந்த வேற்றுமைகள் யாரும் வேண்டுமென்று செய்த சதியல்ல. யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் கையில் பிறந்தது. லினக்ஸ் 1991இல் அதன் வழியில் எழுந்தது. விண்டோஸின் மூதாதையான எம்எஸ்-டாஸ் 1981இல் வந்தபோது அதில் அடைவு என்பதே இல்லை. 1983இல் இரண்டாம் பதிப்பில்தான் அடைவுக்குள் அடைவு வைக்கும் வசதி வந்தது. அதற்குள் யூனிக்ஸில் அடைவுகளைப் பிரிக்கும் முன்சாய்கோட்டை (/), டாஸ் கட்டளைகளின் விருப்பக் குறியாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அடைவுக்குப் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் அங்கே எடுத்த அந்த முடிவு, இன்று ஏரலில் ஒரு பெண்ணை ஆறு முறை தட்டச்சு செய்ய வைக்கிறது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமையும் அப்படித்தான். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகக் காணும். விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். தமிழில் இந்தப் பேதமே இல்லாததால், தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்க்கு இது கண்ணில் படுவதே இல்லை.

நம் மாநிலத்தின் நிலை

இது வேறெங்கோ உள்ள சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. ஏனெனில் தமிழ்நாட்டில் இரண்டு இயக்க அமைப்புகளையும் மாணவர் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததே அரசுதான். 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அந்தப் பொறிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த நம் நாட்டு இயக்க அமைப்பு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. ஒரே பொறியில் இரண்டையும் தந்தது நல்ல நோக்கம். ஆனால் பொறி இரண்டு மொழி பேச, நம் செய்முறைத் தாள்கள் ஒரு மொழியே பேசின. அண்ணன் கையிலிருந்து தங்கைக்கும், அக்கா கையிலிருந்து சித்தி மகனுக்கும் கைமாறி வந்த அந்த மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கணினி தரப்படும் என்றும் அறிவித்தார்கள். புதிய பொறி வந்தாலும் பழையது வீட்டை விட்டுப் போவதில்லை. ஆக, வகுப்பில் பல வகைப் பொறிகள் கலந்திருப்பதே இனி வழக்கம்.

பாடநூலையும் பார்ப்போம். 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் விண்டோஸையும் உபுண்டு லினக்ஸையும் அருகருகே வைத்து அறிமுகம் செய்கிறது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் ஒரு பாடம் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய நிரலைப் பைத்தானிலிருந்தே தொகுத்து ஓட்டுவது எப்படி என்று கற்பிப்பது. கட்டளை வரியின் ஆற்றலைக் கிராமத்து மாணவன் முதன்முதலில் உணரும் பாடம் அதுவாகவே இருக்கும். அவ்வளவு நல்ல பாடம். ஆனால் அதிலுள்ள நிரல், தொகுத்து வரும் கோப்பின் பெயரோடு விண்டோஸின் 'இஎக்ஸ்இ' என்னும் வாலைச் சேர்த்து, அந்தப் பெயரை அப்படியே அழைத்து ஓட்டுகிறது.

இதை லினக்ஸில் செய்தால் தொகுப்பு வேலை ஒழுங்காக முடியும். கோப்பும் உருவாகும். ஓட்டும் இடத்தில் மட்டும் நின்றுவிடும். ஏனென்றால் லினக்ஸ், நாம் நிற்கும் அடைவில் உள்ள நிரலைத் தானாகத் தேடாது; 'இதே இடத்தில் உள்ளது' என்று ஒரு புள்ளியும் முன்சாய்கோடும் (./) இட்டுக் காட்ட வேண்டும். இரண்டே குறிகள்! பைத்தானிடமே 'இது எந்த அமைப்பு' என்று கேட்டு, அதற்கேற்ப இந்த இரண்டு குறிகளைச் சேர்த்துக்கொள்ளும்படி நிரலில் இரண்டு வரி எழுதியிருந்தால் இரு பக்கத்து மாணவரும் பிழைத்திருப்பர். நூலாசிரியர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நன்கு உழைத்து எழுதிய பாடமும், எழுதியவர் மேசையில் இருந்த பொறிக்கு வெளியே சோதிக்கப்படாவிட்டால் எங்கே நிற்கும் என்பதற்கு இது சான்று.

மறுப்புரைகள்

இதற்குச் சிலர் எளிய விடைகளைச் சொல்வர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'எல்லாரும் ஒரே இயக்க அமைப்பைப் பயன்படுத்தினால் போகிறது' என்பது முதல் விடை. கேரளம் ஏறத்தாழ இதைத்தான் செய்தது. அங்கே 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், 2017இல் 'கைட்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிக் கணினிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்து, பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள். பாடமும் பொறியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வியக்கத்தக்க சாதனை. ஆனால் அது பள்ளி ஆய்வகத்துக்குச் சரி. கல்லூரி மாணவனின் வீட்டுக்குள் புகுந்து, 'உன் மாமா அலுவலகத்தில் கழித்துப் போட்ட கணினியை எறிந்துவிடு' என்று சொல்ல யாருக்கு உரிமை? மேலும், நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில் மேசையில் விண்டோஸும் வழங்கியில் லினக்ஸுமாகத்தான் இருக்கும். உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் அறிந்தவன் பாதி வழியில் நிற்பான்.

'விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாமே' என்பது இரண்டாம் விடை. உண்மை, 2016 முதல் அந்த வசதி உண்டு. ஆனால் அதற்குப் புதிய விண்டோஸும் தாராளமான நினைவகமும் வேண்டும். பரணிலிருந்து இறங்கி வந்த மடிக்கணினி அதைத் தாங்காது. யாருக்காக வழி தேடுகிறோமோ அவர்களுக்கே பயன்படாத வழி இது.

'உலாவியில் ஓடும் இணையதளங்கள் இருக்கின்றன. அதிலேயே நிரல் எழுதட்டும்' என்பது மூன்றாம் விடை. அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் இணையம் அறுபடாமல் கிடைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அங்கே கோப்பு எங்கே இருக்கிறது, அடைவு என்றால் என்ன, ஒரு நிரல் இன்னொரு நிரலை எப்படி அழைக்கிறது என்பதெல்லாம் திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். கட்டளை வரிப் பாடத்தின் பயனே அதுதான் அன்றோ?

நான்காவது மறுப்பு நேர்மையானது. 'ஆசிரியருக்கு நேரம் ஏது? ஒவ்வொரு தாளையும் இரண்டாக எழுத முடியுமா?' என்பது. நம் ஆசிரியர்களின் சுமையை நாமறிவோம். அதோடு, ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஒரு கட்டளை, வலப்பக்கம் ஒரு கட்டளை என்று இரட்டைத் தாள் எழுதினால் புதிதாக வருபவனுக்குத் தலை சுற்றும் என்பதும் உண்மை. ஆகவே எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு வழி உண்டு.

வழி என்ன?

ஸ்ரீவைகுண்டம் அணையைப் பார்த்திருப்பீர்கள். ஆறு ஒன்று. அணையில் வடகால், தென்கால் என்று இரண்டாகப் பிரிகிறது. இரு கரையிலும் நெல்லும் வாழையும் விளைகின்றன. வடகாலில் நிற்கும் விவசாயிக்குத் தென்காலின் மடை எண் தேவையில்லை. ஆனால் தண்ணீர் இரண்டு பக்கமும் பாயும்படி அணை கட்டியவன் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். பாடம் எழுதுவோரின் பொறுப்பும் அதுவே.

உலகளவில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அறிவியல் ஆராய்ச்சியாளர்க்குக் கணினித் திறன் கற்பிக்க 1998இல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி' என்னும் அமைப்பின் பயிற்சி வகுப்புகளுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் என மூவகைப் பொறிகளோடும் வருவார்கள். அவர்கள் பாடத்தை மூன்றாக எழுதவில்லை. யூனிக்ஸ் வழிக் கட்டளைகளில் ஒரே பாடம் எழுதினார்கள். விண்டோஸ் வைத்திருப்போர் மட்டும் 'கிட் பாஷ்' என்னும் இலவச மென்பொருளை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். அதைத் திறந்தால் விண்டோஸிலும் அதே கட்டளைகள் வேலை செய்யும். வேற்றுமை முழுவதும் வகுப்புக்கு முந்திய ஒரு பக்க ஏற்பாட்டுக் குறிப்பில் முடிந்துவிடுகிறது. பாடம் ஒன்றாகவே இருக்கிறது. பழைய பொறியிலும் இது ஓடும். ஆய்வகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லையென்றால் பென் டிரைவிலிருந்தே ஓட்டும் வடிவமும் உண்டு. இதிலும் குறையில்லாமல் இல்லை. அங்கே சி டிரைவின் பெயரைச் சாய்கோட்டோடு வேறு விதமாக எழுத வேண்டும். சில பதிப்புகளில் பைத்தானை உரையாடல் முறையில் அழைத்தால் திரை வாய் திறக்காமல் நிற்கும். இத்தகையவற்றை ஏற்பாட்டுக் குறிப்பிலேயே சொல்லிவிட்டால் மாணவன் பயப்பட மாட்டான்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களைத் தமிழிலும் கேட்கலாம். அவற்றில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாடம் தொடங்கியவுடன், 'இதைப் பதிவு செய்ய நான் இன்ன இயக்க அமைப்பையும் இன்ன பதிப்பையும் பயன்படுத்துகிறேன்' என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் கேட்பவனுக்குப் பெரிய துணை. தன் திரையில் வேறாக வந்தால், தவறு தன்னிடம் இல்லை, பதிப்பில் இருக்கலாம் என்று ஐயுற அவனுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. தமிழில் 2012 முதல் வரும் 'கணியம்' இதழும் கட்டற்ற மென்பொருள் குறித்து எளிய தமிழில் எழுதி வருகிறது. கற்பதற்குப் பொருள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

இவற்றைக் கொண்டு நம் துறைக்கு ஆறு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு செய்முறைத் தாளின் தலையிலும், எந்த இயக்க அமைப்பில், எந்தப் பதிப்பில், எந்த நாளில் சோதித்துப் பார்த்தது என்று ஒரு வரி அச்சிட வேண்டும்.

இரண்டு: கருத்து முதலில், கட்டளை பிறகு. 'இந்த அடைவில் என்னென்ன இருக்கின்றன என்று பார்' என்று தமிழில் எழுதிவிட்டு, அதன்பின் கட்டளையைத் தர வேண்டும். கருத்தை அறிந்தவன் தன் பொறியின் சொல்லைத் தேடிக்கொள்வான். சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவனால் முடியாது.

மூன்று: சி டிரைவ், டி டிரைவ் என்று முழு முகவரி எழுதுவதை நிறுத்த வேண்டும். எல்லாக் கோப்புகளையும் ஒரே அடைவில் வைத்து, அங்கிருந்தே வேலை செய்யச் சொல்லலாம். கோப்புப் பெயர்களில் இடைவெளி வேண்டாம். சிறிய எழுத்துகள் மட்டும் போதும். நிரலுக்குள் முகவரி தேவைப்பட்டால், 2014 முதல் பைத்தானோடு வரும் 'பாத்லிப்' என்னும் பகுதி, எந்தச் சாய்கோடு என்பதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நான்கு: சரியான விடையை மட்டும் காட்டாமல், வரக்கூடிய பிழைச் செய்திகள் இரண்டு மூன்றையும் தமிழில் விளக்கித் தர வேண்டும். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. படிக்காமலே மூடிவிடும் மாணவர் நம்மில் பலர். நானும் முதலாண்டில் அப்படித்தான் இருந்தேன்.

ஐந்து: தாளை வகுப்பில் தருவதற்கு முன், மூன்றாமாண்டு மாணவர் மூவர் மூன்று வகைப் பொறிகளில் அதைச் செய்து பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்று கட்டாயம் பழைய அரசு மடிக்கணினியாக இருக்க வேண்டும். ஆசிரியருக்கு நேரமில்லை என்ற மறுப்புக்கு இதுவே என் விடை. இந்த வேலையை நாங்கள் செய்கிறோம். எங்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

ஆறு: ரெக்கார்டு நோட்டிலும் செய்முறைத் தேர்விலும், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கட்டளைகளில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண் தர வேண்டும். தாளில் உள்ள சொல் வரவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைந்தால், வீட்டில் வேறு பொறியில் பழகியவன் பழகியதற்காகவே தண்டிக்கப்படுகிறான்.

இவற்றில் பணம் செலவாகும் யோசனை ஒன்றுகூட இல்லை.

ஏரல் பாலம் சொல்லும் பாடம்

2023 வெள்ளத்தில் ஏரலில் ஆற்றுப் பாலத்தோடு சேரும் சாலை அரித்துக்கொண்டு போனதை நேரில் கண்டவர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. பாலத்தின் தூண்கள் நின்றன. ஏறுவதற்குத்தான் வழியில்லை. அக்கரைக்குப் போக வேண்டியவர் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நம் பாடத்திட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சி வருகிறது. தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயந்திரக் கற்றல் என்று பெரிய பெரிய தூண்களை எழுப்பியிருக்கிறோம். பாடத்தின் முதல் பத்து வரிகளில், மாணவன் தன் வீட்டுப் பொறியிலிருந்து அதில் ஏறும் இடத்தில், சாலை அறுந்து கிடக்கிறது. ஆய்வகத்துக்கு அருகில் வசிப்பவனும் புதுப் பொறி வாங்க முடிந்தவனும் எப்படியோ தாவி ஏறிவிடுகிறார்கள். மற்றவர்கள் கரையிலேயே நின்று, தங்களுக்கு நடக்கத் தெரியவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அந்தத் தங்கையின் மடிக்கணினியில் அன்று மதியம் நாங்கள் மாற்றியது மூன்றே மூன்று. சி டிரைவ் வரியை அடித்தோம். 'டைப்' என்பதற்குப் பதில் 'கேட்' என்று எழுதினோம். 'பைத்தான்' என்பதோடு 3 என்னும் எண்ணைச் சேர்த்தோம். அதுவும் அந்தப் பொறியில் முன்பே இருந்தது, அழைக்கத்தான் ஆளில்லை. நிரல் மறுபடியும் பெயரைக் கேட்டது. தட்டினாள். அவள் பெயரைச் சொல்லி வணக்கம் என்றது. அதன் பிறகுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். மணி அடித்துவிட்டதால் பாதிதான் சாப்பிட முடிந்தது.

பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் துறை மாறியவர்கள், படிப்பை வெறுத்தவர்கள், தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அவர்களை நாம் அறிவில் குறைந்தவர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம், தாள்களையும் திருத்துவோம். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் முதல் செமஸ்டரின் தாள்களையேனும் மூன்று பொறிகளில் சோதித்துத் தர மூன்றாமாண்டு மாணவர் நால்வர் முன்வந்திருக்கிறோம். துறைத் தலைவர் அனுமதி தர வேண்டுகிறோம். மாற்றுக் கருத்து உடையோர் அடுத்த மலரில் எழுதட்டும்; படித்துப் பார்த்து, தவறு எங்கள் பக்கம் என்றால் திருத்திக்கொள்வோம்.